வெள்ளிக்கிழமைப் பொத்தான்

புதுச் சோப்பைப் பிரித்ததும் உறையின் ஓரத்தைக் கிழித்து, அதில் தேதி எழுதி, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுத்தான் தேதியம்மா முகம் கழுவுகிறார். பல் துலக்கும் பிரஷ், கடிகார பேட்டரி, தண்ணீர் வடிகட்டி என்று அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் ஆரம்ப நாளும் ஒரு முடியும் நாளும் உண்டு. "என் முதுகுல மட்டும்தான் இன்னும் எழுதல," என்பார் கணவர். "திரும்புங்க, அதையும் எழுதிடறேன்," என்று இவர் பேனா மூடியைக் கழற்றுவார். இருபத்தெட்டு வருஷமாக இதே பேச்சு. இருவருக்கும் இன்னும் சலிக்கவில்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. கட்டட கம்பெனியில் எல்லோருக்கும் அவர் தேதியம்மாதான். கட்டடம் மண்ணில் எழும்பும் முன்பே அதைக் கம்ப்யூட்டரில் எழுப்பி வைப்பது அவர் வேலை. எந்த வேலை எந்த நாளில் தொடங்கும், யார் செய்வார், எப்போது முடியும் என்பதெல்லாம் நீலக் கோடுகளாக அவர் திரையில் கிடக்கும். பேசும்போதும் அந்தக் கோடு அவரை விடுவதில்லை. "ரெண்டு வாரம் ஆகும்," என்றால் வலது கை காற்றில் இரண்டு வாரத்துக்கு நீளும். பக்கத்து மேசை கணக்காளர் பலமுறை கன்னத்தில் வாங்கியிருக்கிறார். மாதக் கணக்கில் பேச்சு போனால் நாற்காலியை நகர்த்திக்கொள்வார்.

ஒற்றை விரலால் தட்டச்சு செய்வார். அந்த சாஃப்ட்வேரில் நூறு வித்தை இருக்கிறது என்பார்கள். தேதியம்மாவுக்குத் தெரிந்தது நான்கு பொத்தான்கள். கோடுகளை ஒன்றோடொன்று கோத்து, இது முடிந்தால்தான் அது தொடங்கும் என்று கட்டிக் கொடுத்தவர் வேறொரு ஆள். அவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகிறது. "மாடு கட்டியிருக்கு, பால் வருது. கயிறு எப்படி முடிஞ்சிருக்குன்னு எனக்கெதுக்கு?" என்பது தேதியம்மாவின் கட்சி.

நான்கில் ஒன்றுக்கு அவர் வெள்ளிக்கிழமைப் பொத்தான் என்று பெயர் வைத்திருந்தார். திரையில் 'இன்று' என்று ஒரு சிவப்புக் கோடு நிற்கும். வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பொத்தானை அமுக்கினால் சிவப்புக் கோடு ஒரு வாரம் நகரும். கோடுகள் எல்லாம் அதுவரை நிறைந்துவிடும். பிறகு, வேலை செய்தவர்கள் கொடுத்த வாரத் தாள்களைப் பார்த்து, முடியாத வேலைகளைக் கையால் குறைத்துப் போடுவார். முதலில் பொத்தான், அப்புறம் தாள். பன்னிரண்டு வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை.

ஆட்களின் பட்டியலில் ஆறாவது வரியில் 'தம்பி' என்று இருந்தது. அது அவருடைய சொந்தத் தம்பி. பதினோரு வயது இளையவன். இவர்தான் மேனேஜரிடம் சொல்லி அவனுக்கு வயரிங் வேலை வாங்கிக் கொடுத்தார். பெயரை அடிக்கவேண்டிய இடத்தில் கை தன்பாட்டுக்குத் 'தம்பி' என்று அடித்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டார். நல்ல வேலைக்காரன், ஆனால் ஒரு வாரமும் ஒழுங்காகத் தாள் கொடுத்தவனில்லை. வெள்ளிக்கிழமை இவர்தான் போன் போட்டுக் கேட்கவேண்டும். "முடிஞ்ச மாதிரிதான்க்கா," என்பான். 'மாதிரி' என்றால் பாதி என்று அக்காவுக்குத் தெரியும். பாதியாகக் குறைத்துப் போடுவார்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொன்பது வயது. தேதியம்மா பத்து நாள் ஆபீஸுக்கு வரவில்லை. வந்த அன்று முதல் வேலையாக ஆறாவது வரியை எடுத்துவிடப் பார்த்தார். 'இவர் பெயரில் உள்ள உழைப்பு முழுவதும் அழிந்துவிடும். தொடரலாமா?' என்று திரை கேட்டது. மூன்று வருஷம் அவன் இழுத்த வயர், ஏறிய ஏணி, வியர்த்த வியர்வை எல்லாம் ஒரு தட்டில் போய்விடும். 'வேண்டாம்' என்பதை அமுக்கிவிட்டு முகம் கழுவப் போனார். அதற்குப் பிறகு அந்த வரியை அவர் தொடவில்லை.

ஆனால் சாஃப்ட்வேர் தொட்டது. திங்கட்கிழமை காலை ஒவ்வொருவருக்குமான தாள் அச்சாகி வரும்போது தம்பிக்கும் ஒன்று வந்தது. இந்த வாரம் இன்ன மாடி, இன்ன பக்கம். அதைக் கசக்கிப்போட மனம் வராமல் மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அடுத்த திங்கட்கிழமையும் வந்தது. வெள்ளிக்கிழமை பொத்தானை அமுக்கியதும் அவன் கோடு கடைசிவரை நிறைந்து நின்றது. குறைத்துப் போடச் சொல்லி எந்தத் தாளும் வரவில்லை. போன் போட்டுக் கேட்கவும் ஆளில்லை. எல்லோருடைய கோடும் பின்தங்கி நொண்ட, ஆறாவது வரி மட்டும் ஒரு நாள் பிசகாமல் ஓடியது. இழுப்பறைக்குள் முப்பத்திரண்டு தாள்கள் சேர்ந்துவிட்டன.

"செத்தப்புறம்தான் புத்தி வந்துச்சா உனக்கு?" என்று ஒருநாள் திரையைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். பயத்துக்கு நடுவில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அது யாரிடமும் சொல்லக்கூடிய சந்தோஷமில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் கொஞ்சம் நல்ல புடவையாக உடுத்தி வர ஆரம்பித்தார். ஏன் என்று கணவருக்கும் புரியவில்லை.

இந்த நிலையில்தான், நான்கு பொத்தானை வைத்துக் காலம் தள்ளமுடியாது என்று மேனேஜர் மூன்று நாள் வகுப்பு ஏற்பாடு செய்தார். பாடம் எடுக்க வந்தவர் இளைஞர், பொறுமைசாலி. எந்த வேலை தள்ளிப்போனால் கட்டடமே தள்ளிப்போகும், எந்த வேலைக்கு எத்தனை நாள் தளர்வு உண்டு, அதாவது எத்தனை நாள் தள்ளிப்போனாலும் பாதகமில்லை, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு வேலை விழுந்தால் எப்படிப் பிரிப்பது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். தேதியம்மா நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தேதி போட்டு எழுதிக்கொண்டார். ஆட்களின் பட்டியலில் 'எதுவரை கிடைப்பார்' என்று ஒரு கட்டம் இருப்பதை முதல் முறையாகப் பார்த்தார். தம்பியின் வரியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்த இளைஞர் தேதியம்மாவின் பொத்தானுக்கு வந்தார். "இத ரொம்ப ஜாக்கிரதையா அமுக்கணும். இத அமுக்கினா, திட்டத்துல எப்படி இருக்கோ அப்படியே எல்லாம் நடந்து முடிஞ்சிடுச்சுன்னு அது எடுத்துக்கும்."

"யார் செஞ்சாங்கன்னு கேக்காதா?" என்றார் தேதியம்மா.

"கேக்காதும்மா. நாம வேற தகவல் கொடுக்கிற வரைக்கும் அதுக்கு எல்லாரும் வேலைக்கு வந்தவங்கதான்."

வகுப்பு சிரித்தது. தேதியம்மாவுக்குக் காதுமடல் ஜில்லிட்டது. பாதி வகுப்பில் எழுந்து தன் மேசைக்கு வந்தார். ஆறாவது வரியைத் திறந்து, தம்பி போன நாளுக்குப் பிறகு அவன் 'முடித்த' வேலைகளை விரல் வைத்து எண்ணினார். பதினொன்று. எல்லாம் ஒரே வகை வேலை: தீப்பிடித்தால் அடிக்கும் மணிக்கு வயர் இழுப்பது. ஐந்து மாடி, மாடிக்கு இரண்டு பக்கம், அது பத்து. அடித்தளத்தில் மணியின் தலைமைப் பெட்டியை இணைப்பது பதினொன்றாவது. கட்டடம் பிரசவ ஆஸ்பத்திரி. இன்னும் பத்து நாளில் தாய்மார்களும் குழந்தைகளும் உள்ளே வரப்போகிறார்கள்.

கோத்து வைத்திருந்த கோடுகளை இப்போது படிக்கத் தெரிந்துவிட்டது, தெரியாமலே இருந்திருக்கலாம். வயர் வேலை முடிந்தால்தான் கூரைப் பலகை மூடும் ஆட்கள் வருவார்கள். வயர் முடிந்தது என்று அவருடைய வெள்ளிக்கிழமைகள் சொல்லின. அவர்களும் ஒழுங்காக வந்து, மாடி மாடியாகப் பலகையை மூடி, புகையை மோப்பம் பிடிக்கும் வெள்ளை வட்டுகளை வரிசையாக ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

மேனேஜர் முதலில் நம்பவில்லை. "என்னம்மா இது, முடிஞ்ச வேலைய முடியலங்கறீங்க? உங்க ஃபைலே முடிஞ்சிடுச்சுன்னுதானே சொல்லுது?"

"முடிக்க வேண்டியவன் போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு சார். தப்பு என்னுதுதான்."

மேனேஜர் வயரிங் மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பினார். தம்பிக்குப் பிறகு வந்தவர் அவர். "எனக்கு வந்த தாள்ல மணின்னு ஒரு வரிகூட இல்லீங்களே," என்றார். உண்மைதான். அந்த வரிகளெல்லாம் தேதியம்மாவின் மேசை இழுப்பறைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

மறுநாள் காலை மேஸ்திரி ஏணியோடு வர, தேதியம்மா நோட்டோடு மாடி ஏறினார். கட்டில்கள் வந்து இறங்கி, மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. ஒவ்வொரு கட்டிலுக்கு நேர்மேலேயும் ஒரு வெள்ளை வட்டு. பகல் வெளிச்சம் நிறைந்த அறைதான். ஆனாலும் அத்தனை வட்டும் கீழே பார்ப்பது போல் இருக்க, தேதியம்மாவுக்கு முதுகு கூசியது. மேஸ்திரி ஒன்றைத் திருகி எடுத்தார். பின்னால் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் இருட்டு, அவ்வளவுதான். அடுத்ததும் அப்படித்தான். ஐந்து மாடியிலும் ஓட்டையும் இருட்டும்தான். தேதியம்மா ஒவ்வொன்றுக்கும் நோட்டில் 'இல்லை' என்று எழுதினார்.

"மூணு ஆளப் போட்டா பத்தையும் எட்டு நாள்ல இழுத்துடலாம்," என்றார் மேஸ்திரி. "கீழ பெட்டிக்கு ஒரு நாள். மொத்தம் ஒம்போது. ஒரு மணி நேரம்கூட இப்படி அப்படி நகர முடியாது."

தேதியம்மாவின் கை காற்றில் ஒன்பது நாளுக்கு நீண்டு, அங்கேயே நின்றது.

அடித்தளத்தில் தண்ணீர் பம்புகள் உறுமிக்கொண்டிருந்தன. சிவப்புப் பெட்டி சுவரில் இருந்தது. அது தொழிற்சாலையிலிருந்து வந்ததே இரண்டு மாதத்துக்கு முன்புதான். இறக்கிய அன்று ரசீதில் கையெழுத்துப் போட்டவர் தேதியம்மாவே. மேஸ்திரி கதவைத் திறந்தார். திறந்தவர் தள்ளி நின்று டார்ச்சைக் காட்டினார்.

மாடிகளிலிருந்து வரவேண்டியவை தவிர, உள்ளே அத்தனை வயரும் இணைக்கப்பட்டிருந்தது. சிவப்பும் கறுப்பும் தனித்தனிக் கட்டாக, வளைவுகளில் ஒரே அளவில் வளைந்து, முடிச்சுகள் ஒரே திசை பார்த்து இருந்தன. பச்சை விளக்கு எரிந்தது. மேஸ்திரி சோதனைப் பொத்தானை அழுத்தினார். மணி அலறியது; இருவரும் துள்ளிவிட்டார்கள்.

"யாரு செஞ்சது?" என்றார் தேதியம்மா, சத்தம் அடங்கியபின்.

மேஸ்திரி தன் ஆட்கள் மூவரையும் கீழே வரவழைத்துக் கேட்டார். மூவரும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். பெட்டியை விற்ற கம்பெனிக்குப் போன் போனது. அவர்கள் ஆள் யாரும் இன்னும் வரவே இல்லையாம். அடித்தளத்துச் சாவி காவலாளியிடம் இருக்கிறது; பெட்டியைச் சுவரில் மாட்டியபின் இன்றுவரை யாருக்கும் கொடுத்ததாக அவர் நோட்டில் இல்லை. ஃபைலில் மட்டும் இருந்தது: பதினொன்றாவது வேலை, தம்பி, ஒரு நாள், முடிந்தது.

தேதியம்மா பெட்டிக்குள் கையை நீட்டி வயர்க் கட்டை உள்ளங்கையில் தாங்கிப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. கரண்ட் ஓடும் பெட்டிக்குள் சூடு இருக்கத்தான் செய்யும். கையை எடுக்க மனம் வரவில்லை.

"நல்லா நறுவிசா செஞ்சிருக்காங்கம்மா," என்றார் மேஸ்திரி, குரலைத் தணித்து. "நானே செஞ்சாலும் இப்படி வராது. யாரோ ஒருத்தர் செஞ்சிட்டுப் போயிருக்காங்க, விட்டுடலாம். நமக்கு ஒரு நாள் மிச்சம். அந்த ஒரு நாள் இருந்தா மேல அவசரமில்லாம வேல பாக்கலாம்."

கணக்கு சரிதான். ஒரு நாள் தளர்வு என்றால் என்ன என்று இந்த வாரம்தான் தேதியம்மா நோட்டில் எழுதி அடிக்கோடிட்டிருந்தார். மேலே கட்டில்கள் காத்திருந்தன. அவர் பெட்டிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார்.

"பிரிச்சிடுங்க," என்றார். "எல்லாத்தையும் பிரிச்சிட்டு முதல்லேர்ந்து நீங்களே செய்யுங்க. நீங்க செஞ்சதா உங்க பேர எழுதணும் நான்."

மேஸ்திரி மின்சாரத்தை நிறுத்தினார். பச்சை விளக்கு அணைந்தது. திருப்புளியைக் கையில் எடுத்தவர், அந்த அழகைக் கலைக்க மனமில்லாமல் பெட்டியின் முன் தயங்கி நின்றார். தேதியம்மா திருப்புளியை அவர் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் திருகைத் தானே கழற்றினார்.