இடது பக்கம் உரித்தார்கள், வலது பக்கம்?

தொண்ணூறுகளின் நடுவில், அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கருப்பையின் உள்சவ்வு வழிதவறிப் போய் என் இரண்டு சினைப்பைகளிலும் குடியேறி, மாதாமாதம் கசிந்து, கட்டிகளாகியிருந்தது. மதுரையில், வயிற்றுக்குள் சிறு கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். திரும்பி வரும்போது வயிற்றில் மூன்று சிறு தையல்கள், பையில் ஆபரேஷனின் வீடியோ கேசட்.

கட்டி திரும்ப வருமா என்பதுதான் என் கவலை. எதெல்லாம் இருந்தால் திரும்ப வரலாம் என்று நர்ஸ் சொன்னவற்றை நோட்டில் எழுதியிருந்தேன்: இளவயது, இரண்டு பக்கமும் இருப்பது, பெரிய கட்டி, கட்டியின் தோலை உரிக்காமல் விடுவது. முதல் மூன்றும் எனக்கு உண்டு. நான்காவது தெரியவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் 'கட்டிகள் அகற்றப்பட்டன' என்று மட்டும் இருந்தது.

எங்களிடம் கேசட் போட்டுப் பார்க்கும் டெக் கிடையாது. அம்மாவும் நானும் பாளையம்பட்டியில் அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தைக்குக் கேசட் என்றாலே கல்யாணக் கேசட்தான். ஒரு தட்டில் சேவு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணு எப்பத்தான் வருவா?"

"பொண்ணு வயித்துக்குள்ளதான் இருக்கோம் அத்தை."

அத்தை சேவுத் தட்டைத் தள்ளி வைத்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

எனக்கு எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரிந்தது. அம்மா ஞாயிறுதோறும் ஆட்டுக்குடல் சுத்தம் செய்கிறவள். டிவிக்கு நெருங்கி உட்கார்ந்தாள்.

"இடப் பக்கம் தோலோட உரிஞ்சு வந்துருச்சு. வலப் பக்கம் தண்ணிய எடுத்துட்டு உள்ள கருக்கி விட்டுட்டாக. தோலு அங்கனயேதான் கெடக்கு."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"உரிச்சா இப்பிடியா இருக்கும்? ரிவைண்டு பண்ணிப் பாரு."

மூன்று முறை பார்த்தோம். அந்த இடம் வரும்போது டெக்கின் கவுண்டரில் ஓடிய எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுவாரம் டாக்டரிடம் போய் அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அம்மா சொன்னது சரி. அந்தப் பக்கம் ரொம்ப ஒட்டிக் கெடந்துச்சு. இழுத்தா முட்டை இருக்கிற நல்ல சதையும் சேந்து வந்துரும். கல்யாணம் ஆகாத பொண்ணு, அதான் விட்டேன். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் பாத்துக்கோ."

முதல் இரண்டு ஸ்கேனில் ஒன்றுமில்லை. மூன்றாவதில், வலப் பக்கம், கொண்டைக்கடலை அளவுக்கு ஒன்று.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல," என்றாள் அம்மா, பந்தயம் ஜெயித்தவளைப் போல. அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள்.