ரங்கூன் துறையில் யூரி எறிந்த கயிறு

என் அக்காள் மகன் சூசை ரங்கூன் துறைமுகத்தில் குமாஸ்தா. பல வருஷமாக வரச்சொல்லி எழுதிக்கொண்டிருந்தான். 1926 ஜனவரியில், மழையும் புழுக்கமும் இல்லாத மாதமாகப் பார்த்துச் சென்னையில் கப்பல் ஏறினேன். மேல்தளத்துக்குப் பதினாறு ரூபாய், நான்கு நாள். வங்காள விரிகுடா என்னைக் கண்டு கைகட்டி நின்றது என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். மூன்று நாள் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்ததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஒரு வாரம் சூசை வீட்டில் தின்று தூங்கிய பிறகு, த்வாண்டேயில் பானை வனைவதைப் பார்க்கக் கிளம்பினேன். முதலில் ஆற்றைக் கடந்து தலாவுக்குப் போகவேண்டும். நீராவிப் படகுக்கு ஓரணா. நான் என்ன, கூட்டத்தில் இடிபடப் பிறந்தவனா? இரண்டணாவுக்குத் தனிச் சம்பான் அமர்த்தினேன். ஓர் ஆள் நின்றபடி துடுப்புப் போடும் சின்னப் படகு அது. ஓட்டியவர் சிட்டகாங்குக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

கடல் ஓதம் இறங்கி, ஆறு கடலை நோக்கி வற்ற ஆரம்பித்திருந்தது. வற்றுநீரின் இழுப்பைக் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. துறையை விட்டு நூறு கெஜம் போவதற்குள் அது எங்களைத் திருப்பி, அரிசிக் கப்பலொன்றைக் கட்டியிருந்த சங்கிலிமேல் கொண்டுபோய் அறைந்தது. சம்பான் கவிழ்ந்தது. நாங்கள் இருவரும் அதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துறையோரமாகவே மிதந்துபோனோம். இன்னும் சற்றுப் போனால் துறை முடிந்துவிடும், அப்புறம் கடல்தான். வாய் நிறையச் சேறு. நான் கூப்பிடாத சாமி இல்லை. குரல்தான் வரவில்லை.

அப்போது துறைமேல் ஒரு வெள்ளைக்காரர் கயிற்றோடு ஓடிவருவதைக் கண்டேன். நின்று எறியவில்லை. நாலு எட்டு ஓடி, கடைசி எட்டைக் குறுக்கே வைத்து, உடம்பை வில்லாக வளைத்து எறிந்தார். முடிச்சுப் போட்ட நுனி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது. மறுநுனி அவர் இடுப்பில் கட்டியிருந்தது. கயிறு முழுவதும் போய் அவரை ஒரு சுண்டு சுண்டிற்று. துறையில் மூட்டை தூக்கும் முனியாண்டி மேஸ்திரியின் ஆட்கள் ஓடிவந்து எங்களை இழுத்தார்கள். எறிந்தவர் கல்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் வலது கை துணிபோலத் தொங்கியது.

ஆஸ்பத்திரியில் சூசை இங்கிலீஷில் பேசி விவரம் அறிந்தான். பெயர் யூரி, எஸ்தோனியர். அப்படியொரு தேசம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தீவில் பிறந்த மீனவர் மகன். ஈட்டி எறிவதில் தேறி, ஸ்வீடனில் நடந்த உலகப் பந்தயத்துக்கு ருஷ்யச் சக்கரவர்த்தியின் கொடியோடு போனார். சொந்தத் தேசத்துக்கு அப்போது கொடி கிடையாது. யுத்தத்தில் தோளில் குண்டுச்சில்லு பாய்ந்தது. பிறகு தேசம் விடுதலையாகிக் கொடி வந்தது, கை போய்விட்டது. அந்தக் கொடியோடு மற்றவர்கள் பந்தயத்துக்குப் போக, இவர் கப்பல் வேலைக்குப் போனார். இனிக் கை மார்புக்குமேல் எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் மாலை அவர் கப்பல் புறப்பட இருந்தது. அதற்கு முன் கையைக் கழுத்தில் தூளிகட்டிக்கொண்டு துறைக்கு வந்து, அந்தக் கயிற்றை அளக்கவேண்டும் என்றார். கைவசம் அளவுநாடா இல்லை. முனியாண்டி, விரித்த இரு கையின் நீளம் ஒரு பாகம், நாலு முழம் என்ற கணக்கில், பாகம் பாகமாக அளந்தார்.

"பதினெட்டுப் பாகம். மேல ஒரு முழம் நம்ம கொசுறு. ரெண்டு உசுரை மீட்ட கைக்கு ஒரு முழம் கூடக் குடுத்தா என்னய்யா கொறைஞ்சிடும்?"

யூரி மடங்கியிருந்த அவர் முழங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்; கை மடங்கினால் பாகம் குறுகி எண்ணிக்கை கூடிவிடும். கையை மடக்காமல், கொசுறு இல்லாமல் மறுபடி அளக்கச் சொன்னார். நான் குறுக்கிட்டேன். ரங்கூனில் பாதிப்பேரிடம் அதற்குள் இருநூறு கெஜம் என்று சொல்லியாயிற்று.

"மாமா, நீங்க செத்த சும்மா இருங்க" என்றான் சூசை.

முனியாண்டிக்கு முகம் சிவந்தது. "அப்ப நான் பொய்யா அளந்தேன்?"

யூரி நிதானமாகப் பேசினார். சூசை தமிழாக்கினான்: "தீவுல ஒரு நாள் இவர் எறிஞ்ச ஈட்டி வயலைத் தாண்டிப் போச்சாம். ஆயுசுலயே பெரிய எறி. அளக்க ஆள் இல்லை. ஊரார் பிரியமா வருஷத்துக்கு வருஷம் கூட்டிச் சொன்னாங்களாம். இப்ப எவ்வளவு எறிஞ்சோம்னு இவருக்கே தெரியலையாம். இது கடைசி எறி. இதையாவது உள்ளபடி வச்சுக்கறேன்னு கேக்கறார்."

முனியாண்டி தலைத்துண்டை அவிழ்த்துக் கீழே வைத்தார். மார்பு விரியக் கையை நீட்டி முதலிலிருந்து அளந்தார்.

"பதினஞ்சு பாகம், ரெண்டு முழம்."

இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு யூரி கப்பலேறினார்.

போக நினைப்பவர்களுக்கு: தலாவுக்கு நீராவிப் படகே உத்தமம். சம்பானில்தான் போவேன் என்றால் வற்றுநீர் நேரத்தைத் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். நனைந்தால் கெடும் எதையும் மடியில் வைக்காதீர்கள். த்வாண்டேக்கு நான் கடைசிவரை போகவில்லை.

ஊரில் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள், கயிறு எவ்வளவு தூரம் வந்தது என்று ஆவலாகக் கேட்கிறார்கள். பதினைந்து பாகம் இரண்டு முழம் என்கிறேன். என்னை அறிந்தவர்கள் ஏமாந்துபோய், "அவ்வளவுதானா?" என்கிறார்கள்.

அவ்வளவுதான்.