கால் ஊன்றும் கல்

எங்கள் வீட்டில் பிள்ளைக்கு எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவோம். பள்ளிக்கூடச் சட்டையின் கரையை நாலு விரல் மடித்துத் தைப்போம். சப்பாத்தின் நுனியில் பஞ்சு அடைப்போம். வளருகிற பிள்ளை, அடுத்த வருசமும் பாவிக்க வேண்டாமா? கனடாவில் இருக்கும் மாமி, அதாவது என் கணவரின் அக்கா, மகளுக்குச் சைக்கிள் வாங்கக் காசு அனுப்பியபோதும் அப்படித்தான். கடைக்காரர் குறுக்குச் சட்டம் வைத்த உயரமான கியர் சைக்கிளைக் காட்டி, "கெதியா வளந்திடுவா" என்றார். நாங்களும் தலையாட்டினோம். சைக்கிளுக்குக் கரை மடிக்க முடியாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இத்தனைக்கும் பாதுகாப்பு விசயத்தில் நான் பொல்லாத ஆள். ஓரமாகப் போ, தோழியோடு சோடியாகப் போகாதே, கையைக் காட்டித் திரும்பு. காலையில் இதையெல்லாம் ஓதி முடிக்காமல் கேற்றைத் திறக்க மாட்டேன். அவள் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றபடி வாசற்படியில் கால் வைத்து ஏறிப் போய்விடுவாள். சைக்கிளை நன்றாகத்தான் ஓடினாள். ஓடுகிற பிள்ளையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

ஒருநாள் தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டுப் போனாள். அதை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னாலே போனேன். கொக்குவில் ரயில் கடவை மூடியிருந்தது. எல்லா வாகனமும் நின்றுகொண்டிருக்க, என் மகள் மட்டும் நடுவீதியில் வட்டமடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பின்னால் வந்த வான் ஒன்று அவளுடைய சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, கிறீச்சென்று நின்றது. எனக்கு உயிர் போய் வந்தது. ஸ்கூட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் ஹாண்டிலைப் பிடித்தேன்.

"உது என்ன விளையாட்டு? இது என்ன கோயில் வீதியே, சுத்திக் கும்பிட?"

அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "கல்லுக்குப் பக்கத்திலை ஓட்டோ நிக்குது அம்மா."

"எந்தக் கல்லு?"

"நான் கால் ஊண்டுற கல்லு."

அப்போதுதான் அவள் கால்களைப் பார்த்தேன். இரண்டும் நிலத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன. நான் பிடித்திருந்ததால்தான் சைக்கிள் விழாமல் நின்றது.

"மற்ற இடத்திலை என்ன செய்வாய்?"

"சந்தியிலை மதகு இருக்கு. கடையடியிலை லைற் போஸ்ற். பள்ளிக்கூடத்திலை மதில்." எல்லாம் தெரிந்த பிள்ளையின் பெருமை அந்தக் குரலில் இருந்தது.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"மாமி ஆசையா வாங்கித் தந்தது. நான் வளந்துகொண்டுதானே அம்மா இருக்கிறன்."

அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். ரயில் போய், கடவை திறந்து, பின்னால் இருந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் என் கணவர் சீற்றை எவ்வளவு கீழே பதித்தும் அவளுடைய கால் எட்டவில்லை. "அக்கா கேட்டா என்னப்பா சொல்லுறது?" என்று தலையைச் சொறிந்தார்.

"பிள்ளை வளந்தாப் பிறகு ஓடுவாள் எண்டு சொல்லுங்கோ. அதுவரைக்கும் சைக்கிள் காத்துக்கொண்டு நிக்கட்டும்."

பக்கத்து வீட்டுப் பெடியன் முந்தி ஓடின சின்னச் சைக்கிளைக் கேட்டு வாங்கினோம். பெயின்ற் உரிந்து, பார்க்க ஒரு வடிவும் இல்லாத சைக்கிள். மறுநாள் காலை வழக்கம்போல ஓதத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். இத்தனை நாளும் எப்படிப் போவது என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே தவிர, உன்னால் நிற்க முடிகிறதா பிள்ளை என்று ஒருநாளும் கேட்கவில்லை.

படியில் கால் வைக்காமலே ஏறிப் போனாள். பத்தடி போயிருக்க மாட்டாள், பிரேக்கைப் பிடித்தாள். மதகும் இல்லை, மதிலும் இல்லை, வீட்டுக்கு முன்னால் போகும் வெறும் ஒழுங்கை. இரண்டு காலையும் நிலத்தில் பதித்து நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கொஞ்சம் ஓடினாள், மறுபடியும் நின்றாள். ஒழுங்கை முடியும்வரை ஒரு காரணமும் இல்லாமல் நின்று நின்றுதான் போனாள்.