முன்வாசகியின் நாற்பத்தொரு குறைகள்

எங்களில் பெரும்பாலோர் எழுதத் தொடங்கியது கோபத்தில்தான். உள்ளூர்த் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் எல்லோருக்கும் பிடித்த மூத்த மகளை, நடிகை விலகிக்கொண்டதால், ஒரே வசனத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளைத் திரும்பக் கொண்டுவர இணையத்தில் ஒரு குழு சேர்ந்தது. தொடரின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதைக்கு ஃபேன்ஃபிக் என்று பெயர்; அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் முதலில் அங்கேதான் பார்த்தேன். சில மாதங்கள் படித்தேன். பிறகு நானும் எழுதினேன்.

நான் எழுதியவை தொடரில் விடுபட்ட இடங்களை நிரப்பும் சிறுகதைகள். எந்தக் காட்சியில் எந்த வளையல், வீட்டில் எத்தனை அறைகள், தம்பிக்கு எந்தக் காலில் அடி என்று தனி அட்டவணை வைத்திருந்தேன். "எல்லாம் சரியா இருக்கு" என்று வாசகர்கள் எழுதுவார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பொந்தியானில் ஒரு கிளினிக்கின் கவுண்டரில் வேலை செய்யும் பெண் ஒருத்தியும் அங்கே எழுதினாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். நேரில் பார்த்ததில்லை. அவள் கதையில் மூத்த மகள் ஆஸ்திரேலியாவுக்குப் போகவே இல்லை. வீட்டில் பொய் சொல்லிவிட்டு, பாலோ என்ற சிற்றூரில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். வாரம் ஓர் அத்தியாயம். வெள்ளிக்கிழமை வந்தால் குழுவே காத்திருக்கும். நானும் காத்திருந்தேன். கதைக்குக் கீழே ஒரு வரிகூட எழுதியதில்லை.

பதிவிடுவதற்கு முன்னால் இன்னொருவரிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்வது அங்கே வழக்கம். அப்படிப் படிப்பவரை முன்வாசகி என்போம். எட்டு அத்தியாயங்கள் ஆனதும், எல்லாவற்றையும் திருத்தி மறுபடி போடப்போகிறேன் என்று அவள் எனக்குக் கதையின் கோப்பை அனுப்பினாள். "நீங்கதான்க்கா கரெக்டா பார்ப்பீங்க" என்று எழுதியிருந்தாள்.

நான் கூலாயில் பிளாஸ்டிக் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். பொருள் சரியில்லாதபோது சப்ளையர்களுக்கு அனுப்பும் படிவம் ஒன்று என் கணினியில் எப்போதும் இருக்கும்: குறை, ஆதாரம், மூல காரணம், திருத்த நடவடிக்கை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அதை நிரப்பினேன். மொத்தம் நாற்பத்தொரு குறைகள். மூன்றாம் அத்தியாயத்தில் நாள் முழுக்க அடைமழை. அன்று மாலையே மூத்த மகள் கொடியிலிருந்து காய்ந்த துணியை எடுக்கிறாள். அம்மாவுக்கு நீரிழிவு என்று சொன்ன பிறகு அவர் கேக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். மூல காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. பெரும்பாலான வரிகளில் 'கவனக்குறைவு' என்று போட்டேன்.

அனுப்பிய மறுநாள் குழுவில் கதை இல்லை. எட்டு அத்தியாயங்களையும் அழித்துவிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஆட்கள் விசாரித்தார்கள். நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்தாள், பதில் போடவில்லை.

என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்பவள் அதே தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறாள். அப்படி என்னதான் அனுப்பினாய் என்று கேட்டு, திரையை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தாள்.

"அலமாக். அந்தப் புள்ள உனக்கு ஸ்குரூ சப்ளை பண்ணுதா?"

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, கதை உனக்குப் புடிச்சிச்சா இல்லையா?" என்றாள். பிடித்தது என்றேன். அதை எங்கே எழுதியிருக்கிறாய் என்று தேடினாள்.

மூன்றாவது வாரம் பொந்தியான்காரியே அழைத்தாள். மதிய இடைவேளை, கேண்டீனுக்கு வெளியே வந்து எடுத்தேன். கோபத்தில் கைப்பேசியிலிருந்தும் கதையை அழித்துவிட்டாளாம். வேறு பிரதி எங்கும் இல்லை.

"உங்ககிட்ட இருக்காக்கா?"

இருக்கிறது என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

"நீங்க சொன்ன தப்பெல்லாம் தப்புதான்க்கா. மழை, துணி, எல்லாம். ஆனா கவனக்குறைவுன்னு போட்டிருந்தீங்கள்ல, அத டாக்டர் தினம் சொல்வாரு. கவுண்டர்ல, பேஷண்ட் முன்னுக்கே. கதை எழுதறப்பதான் யாரும் அப்படிச் சொல்லாம இருந்தாங்க."

இன்றைக்கே அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்த இடைவேளை முடிவதற்குள் கோப்பை அனுப்பினேன். கூடவே இரண்டு வரி எழுதினேன். பாலோ ரயில் நிலையத்தில் தூரத்தில் அம்மாவைப் பார்த்துவிட்டு, மூத்த மகள் கழிவறைக்குள் போய் ரயில் கிளம்பும் வரை குழாயைத் திறந்துவிட்டு நிற்கும் இடத்தை மூன்று முறை படித்தேன் என்று.

அடுத்த வெள்ளிக்கிழமை கதை திரும்ப வந்தது, ஒன்பதாவது அத்தியாயத்துடன். முன்வாசகிக்கு நன்றி சொல்லும் இடத்தில், 'யாருக்கும் காட்டாமல் போடுகிறேன், தவறுகள் எல்லாம் என்னுடையவை' என்று இருந்தது. படித்து முடித்து, பிடித்த இடத்தைக் கீழே எழுதினேன். மற்றவர்களுக்கு எழுதியது போலவே எனக்கும் 'நன்றிக்கா' என்று பதில் எழுதினாள். அதன் பிறகு அவள் எதையும் எனக்கு முன்கூட்டி அனுப்பவில்லை. நானும் வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து, எல்லோரோடும் சேர்ந்து படிக்கிறேன்.