எப்சிபா மோந்து பார்த்த கோழிகள்

கீழப்பாவூர் சர்ச் தெருவில் எப்சிபாவுக்கு இன்னொரு பெயர் உண்டு. கோழிக்கு முத்தம் கொடுக்கிறவள். கேலிதான். ஆனால் கேலி செய்கிற வாய்கள் எல்லாம், தங்கள் வீட்டுக் கோழிக்கு முகம் வீங்கினால் அவள் கேட்டில் வந்துதான் நிற்கும்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிச் சாரல் இந்தப் பக்கமும் எட்டிப்பார்க்கிற நாட்களில் பனையிலும் ஓட்டு இடுக்கிலும் கதண்டுக் குளவி கூடு கட்டும். கோழிக்கு வாய் சும்மா இருக்காது. பறக்கிறதைக் கொத்தப் போய்க் கொட்டு வாங்கி, ஒரு பக்கம் உப்பி, கண் மூடிக்கொண்டு வந்து நிற்கும். எப்சிபா அதைத் தூக்கி மடியில் வைத்து, முதலில் அலகை மூக்கோடு சேர்த்து மோந்து பார்ப்பாள். அதற்குத்தான் அந்தப் பெயர். பூச்சி கொட்டிய வீக்கத்தில் வாடை இருக்காது. சளி முற்றி வந்த வீக்கம் என்றால் அழுகல் நாற்றம் அடிக்கும். வாடை இல்லையென்றால், ஒருவேளை தேனீயாக இருந்து கொடுக்கு தைத்திருக்கிறதா என்று பார்த்து நகத்தால் வழித்து எடுப்பாள். ஈரத்துணியால் ஒற்றி, ஆப்பசோடாவைக் குழைத்துத் தடவுவாள். இறகில் தொட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பஞ்சாரக் கூடையைப் போட்டு மூடுவாள். மூச்சு மட்டும் ஒழுங்காக வந்துவிட்டால், மறுநாள் வீக்கம் வடிந்து கோழி குப்பையைக் கிளறும்.

கொரோனா இரண்டாம் அலையில் அவளும் புருஷன் ஞானதுரையும் ஒன்றாகக் காய்ச்சலில் படுத்தார்கள். மாவு மில் வைத்திருந்த மனுஷன். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. எப்சிபா பிழைத்தாள், அவள் மூக்கு பிழைக்கவில்லை. முதலில் பால் தீய்ந்தது தெரியவில்லை. பிறகு ஒருநாள் அவருடைய மில் சட்டையை எடுத்து முகத்தில் அழுத்தினாள். வற்றல் பொடியும் வியர்வையும் கலந்து அவர் வாடை குப்பென்று அடிக்கிற சட்டை அது. ஒன்றுமே இல்லை, வெறும் துணி. அன்று அழுத அழுகை அவர் செத்த அன்றுகூட அவள் அழவில்லை. மூக்கு என்றைக்காவது திரும்பும் என்று, சட்டையைத் துவைக்காமல் பெட்டியில் வைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க நாலு அந்துருண்டையும் போட்டு மூடினாள்.

இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம், மகராசி. ஆனால் ஞானதுரை போன பிறகு அந்தக் கேட்டைத் திறந்து உள்ளே வந்தவர்கள் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் மட்டும்தான். மூக்கு போனது தெரிந்தால் அவர்களும் வரமாட்டார்களே என்று பயந்தாள். வழக்கம்போல அலகைத் தூக்கி மோந்து பார்ப்பதாகப் பாவனை செய்தாள். வந்தது எல்லாம் கொட்டு வீக்கம்தான். நாலு வருஷம் வண்டி ஓடிவிட்டது.

போன ஆனியில் பக்கத்து வீட்டுப் பொன்செல்வி தன் சாம்பல் கோழியைக் கொண்டு வந்தாள். கொரோனாவில் ஒருநாள் தவறாமல் இவர்கள் கேட்டில் கஞ்சித் தூக்கைத் தொங்கவிட்டுப் போனவள் அவள்தான். அவளுக்கும் புருஷன் இல்லை, மகன் குவைத்தில். பேச்சுத்துணை என்றால் பதினோரு கோழிகள்.

“கதண்டு கொட்டிட்டு போலக்கா. ஒரு பக்கமா உப்பியிருக்கு.”

எப்சிபா அலகை மூக்கருகே கொண்டுபோய் எடுத்தாள்.

“கதண்டுதாட்டி. நாளைக்குச் சரியாயிரும்.”

பொன்செல்வி என்னவோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு சொல்லவில்லை.

மறுநாள் சரியாகவில்லை. அவளுடைய இன்னும் இரண்டு கோழிகளுக்கு வீங்கியது, எதிர்வீட்டிலும் வீங்கியது. கூடு பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது என்று எப்சிபா அடித்துச் சொன்னாள். அதே இறகையும் அதே துணியையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஐந்தாம் நாள் தெருவில் பாதிக் கோழிகள் கண்ணைத் திறக்கவில்லை.

தென்காசியிலிருந்து கால்நடை டாக்டர் அஹ்சன் வந்தார். பொன்செல்வியின் கோழிக்கூட்டுக்குப் பத்தடி முன்பே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இது பூச்சிக்கடி இல்லம்மா. சளி நோய். ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தொத்தும். மொத நாளே பிரிச்சு வச்சு மருந்து கொடுத்திருந்தா நெறைய பிழைச்சிருக்கும். இந்த நாத்தம் அடிக்கே, ஒருத்தருக்குமா தெரியல?”

எப்சிபா வாயைத் திறப்பதற்குள் பொன்செல்வி முந்திக்கொண்டாள்.

“எனக்கு மொத நாளே அடிச்சுது சார். அக்கா மோந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லலையா, அப்பம் ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன். அவிய மூக்கு தப்பாது.”

ஊசி போட்டும் பொன்செல்வியின் பதினொன்றில் ஒன்பது செத்தன. அவள் வீட்டுப் பின்னால் எப்சிபாவே குழி வெட்டினாள். கடைசியாகச் சாம்பல் கோழியை இறக்கியதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

“பொன்னு, என் மூக்கு செத்து நாலு வருசமாச்சுட்டி. கொரோனால போனது. நான் சும்மாதான் மோந்தேன். உன் கோழியெல்லாம் நாந்தான் கொன்னேன்.”

பொன்செல்வி மண்வெட்டியை எடுத்துக் குழியை மூடத் தொடங்கினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எப்சிபாவுக்கு நெஞ்சு ஆறியிருக்கும்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்லாக்கா. நான் மோந்து பாத்துச் சொல்லியிருப்பேன்லா.”

எப்சிபா வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, கையைக் கழுவி, தன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“அப்பம் இதைப் பாத்துச் சொல்லுட்டி. அவிய வாடை இருக்கா?”

பொன்செல்வி சட்டையை முகத்தில் வைத்தாள். லேசாக இருமினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இருக்குக்கா. அந்த வத்தல் பொடி வாடை அப்படியே இருக்கு.”

தான் போட்ட அந்துருண்டை எப்சிபாவுக்கு மறக்கவில்லை. ஆனாலும் சட்டையை வாங்கி மடித்து, பொன்செல்வி சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.