ஜனவரி முப்பதுக்கு ஒரு படையல்

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஐரிஷ் கிழவர் தனியாக இருக்கிறார். டெரி நகரத்தில் பிறந்தவர், மனைவியை இழந்தவர். அவர் என்னைக் கூப்பிடுகிற ஆங்கிலச் செல்லச் சொல்லுக்கு எங்கள் தமிழில் ‘பிள்ளை’ என்பதுதான் சரி. நாங்கள் ஆங்கிலத்தில் பேசுவதையெல்லாம் இங்கே அப்படி எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன். ஊரிலிருக்கும் அவருடைய தங்கையின் மகள் வருடா வருடம் ஒரு நாட்கலண்டர் அனுப்புவாள். ஒவ்வொரு தாளிலும் அந்தத் தேதியில் அயர்லாந்தில் என்னென்ன நடந்தது என்று அச்சடித்திருக்கும். காலையில் நான் ஷிப்டுக்கு ஓடுகிற நேரம் பார்த்து, வேலிக்கு மேலால் அந்தத் தாளை எனக்கு வாசித்துக் காட்டாவிட்டால் அவருக்குத் தேநீர் இறங்காது.

டிசம்பர் ஆறாம் தேதி நல்ல உற்சாகமாக வாசித்தார். ஒரு வருடம் அன்றைக்கு லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானதாம், அடுத்த வருடம் அதே நாளில் அவர்களுடைய சுதந்திர அரசு பிறந்ததாம். ஆனால் பெரும்பாலான தாள்களில் தூக்கு, பஞ்சம், தோற்ற கலகம்.

“உங்கட கலண்டரில சாவில்லாத நாளே இல்லையோ?” என்று நக்கலடிப்பேன். அவரும் சிரிப்பார்.

அந்த நக்கலுக்குள் பொறாமை இருந்தது. வன்னியில் யுத்தம் முடிந்த வருடம் என் அண்ணை அங்கேதான் இருந்தார். மாசியில் ஒருமுறை தொலைபேசியில் பேசினார், அதோடு சரி. உடல் இல்லை, தேதி இல்லை, திதியும் இல்லை. ஏதாவதொரு அமாவாசையைப் பிடித்துத் திவசம் செய்துவிடலாம் என்று ஐயர் சொன்னபோது, நான் கோயிலை விட்டே எழும்பி வந்துவிட்டேன். திவசம் செய்தால் அண்ணை செத்தது உண்மையாகிவிடும். அதற்கு நான் விடவில்லை.

ஜனவரி முப்பதில் மட்டும் கிழவர் வேலிப்பக்கம் வரவே மாட்டார். குளிர் என்று நினைத்திருந்தேன். போன வருடம் டிவியில் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. 1972இல் அந்த நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெரியில் ஊர்வலம் போன சனத்தின் மேல் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டிருக்கிறது. பதின்மூன்று பேர் அன்றைக்கே செத்தார்கள், இன்னொருவர் பிறகு.

இந்த வருடம் அன்று எனக்கு லீவு. காலையிலேயே முழுகிவிட்டு சோறு, மூன்று மரக்கறி, வடை, பாயாசம் என்று சமைக்கத் தொடங்கினேன். செத்த நாளென்றால் சமைத்துப் படைத்து அயலுக்குக் கொடுப்பதுதானே எங்கள் வழக்கம்.

“உமக்கென்ன விசரே?” என்றார் என் கணவர். “வெள்ளைக்காரருக்குத் திவசமோ?”

“ஓம். செத்தவைக்குப் பசி எல்லா இடமும் ஒண்டுதான்.”

மத்தியானம் பெல்லை அடித்தேன். கதவைத் திறந்த கிழவர் சாப்பாட்டுக் கரியரைப் பார்த்து, என்ன கொண்டாட்டம் என்று கேட்டார்.

“கொண்டாட்டமில்லை. இண்டைக்கு உங்கட ஆக்கள் செத்த நாள். வடையும் பாயாசமும் கொண்டுவந்தனான்.”

அவர் முகம் வெளிறிப்போனது. “அந்த நாளுக்கு இனிப்போ?” என்றார். அப்படியே மாடிப்படியில் குந்திவிட்டார். வாசலில் நின்றபடி எங்கள் வழக்கத்தை மளமளவென்று விளக்கினேன். அவர் கேட்டாரோ தெரியாது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நானும் அந்த ஊர்வலத்தில போனனான், பிள்ளை. பாதியில பசிச்சுது. வீட்டை போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க வெடிச்சத்தம் கேட்டுது. வாய்க்குள்ள உருளைக்கிழங்கு. என்ர சிநேகிதப் பொடியள் அங்க நிண்டவங்கள். அண்டையில இருந்து இந்த நாளில நான் சாப்பிடுறேல்லை.”

ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரு மனிதர் பட்டினி கிடக்கிற நாளில், நான் பாயாசத்தோடு போய் நின்றிருக்கிறேன். அப்படியொரு அதிர்ச்சி எனக்கு வாழ்க்கையில் சில தரம்தான் வந்திருக்கிறது. திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வாய் சும்மா இராது.

“எங்களிலயும் விரதம் இருக்கிறதுதான்,” என்றேன். “ஆனா படைச்சு முடிய நாங்கள் சாப்பிடவேணும். நாங்கள் சாப்பிட்டால்தான் அவைக்கும் பசி தீரும்.”

அவர் கரியரை என் கையிலிருந்து வாங்கினார். பிறகு எழும்பிக் குசினிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மேசையில் தட்டுகளை எடுத்து வைத்தார்: செத்த பொடியளுக்கு ஒன்று, எனக்கொன்று, அவருக்கொன்று. வைத்துக்கொண்டே, என் ஆட்களில் செத்தவர்களுக்கு எது நாள் என்று கேட்டார். நான் அண்ணையைப் பற்றிச் சொன்னேன், தேதி தெரியாது என்றும் சொன்னேன்.

“அப்ப என்ர நாளை எடு, பிள்ளை. அதில இன்னொராளுக்கு இடமிருக்கு,” என்று நாலாவது தட்டை வைத்தார்.

“அவர் சாகேல்லை!” என்று கத்தினேன். தமிழில் கத்தினேன். அந்தச் சின்னக் குசினியில் என் குரல் எனக்கே பயமாக இருந்தது. என் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாத மனிதருக்கு அது விளங்கிவிட்டது. மெதுவாக அந்தத் தட்டைத் தூக்கி, திரும்ப வைக்க அலுமாரியைத் திறந்தார்.

அவர் ஒரு சொல் எதிர்த்துச் சொல்லியிருந்தாலும் நான் சண்டை பிடித்திருப்பேன். சொல்லவில்லை. அலுமாரிக்குள் தட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

“எடுக்காதேங்கோ,” என்றேன். “அது இருக்கட்டும்.”

தட்டைத் திரும்ப மேசையில் வைத்தார். அண்ணைக்கு முதல் வடையை நான் வைத்தேன்.