ஏ.சி. கழற்றிய ஓட்டை

கொட்டாஞ்சேனையிலிருந்து மட்டக்குளி வரை, கைத்தொலைபேசிக் கோபுரம் நிற்கிற மொட்டைமாடிகளில் என் கால் படாத மாடி ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டீசல் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறித் தொடங்கிய தொழில் இது. இன்றைக்குச் சொந்த லொறி இருக்கிறது, பதினாறு ஆட்கள் இருக்கிறார்கள், வெள்ளவத்தையில் கடல் தெரிகிற வீடு இருக்கிறது. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. நானே ஏறினேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் ஒரு தகர அறை உண்டு. கெபின் என்போம். மெஷின்கள் எல்லாம் அதற்குள்தான், ஓயாமல் சூடு கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டை அடக்க இரண்டு ஏ.சி., கரண்ட் போனால் ஜெனரேட்டர். இவற்றைப் பராமரிப்பதுதான் என் ஒப்பந்தம். ஆட்களுக்கு நான் போட்ட முதல் சட்டம்: கெபினில் ஓட்டை கண்டால் யாரையும் கேட்காதே, அடை. குளிர் வெளியே ஓடினால் ஏ.சி. கூடுதலாக உழைக்கும், டீசலும் கூடுதலாகச் செலவாகும். பொலித்தீனும் டேப்பும் இல்லாமல் என் ஆள் ஒருவனும் படியேற மாட்டான். என் கெபின்களில் குளிர் ஒழுகாது என்று கொம்பனிக்காரரே சொல்வார்கள்.

டீசலுக்கு ஊரே வரிசையில் நின்ற அந்தக் கெட்ட காலத்தில் என் ஜெனரேட்டர்களும் பட்டினி கிடந்தன. கோபுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அதற்குப் பிறகுதான் கொம்பனி அந்த எஞ்சினியரை அனுப்பியது. மலையகத்துப் பிள்ளை, தேயிலைத்தோட்டத்து லயத்து அறையில் படித்து எஞ்சினியரானவள். முதல் நாளே கெபின் கதவைத் திறந்து, உள்ளே இருந்த குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு சொன்னாள்.

"அங்கிள், இந்த ரெண்டு ஏ.சி.யையும் கழட்டிருவோம்."

"கழட்டிட்டு?"

"ஒரு ஃபேன் போதும். வெளிக்காத்து உள்ள வரும், சூடு வெளிய போயிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பிள்ளை, இது உங்கட நுவரெலியா இல்ல, கொட்டாஞ்சேனை. மத்தியானம் இந்த மொட்டைமாடிச் சிலெப்பில முட்டைய உடைச்சு ஊத்தினா பொரிஞ்சிரும்."

"முட்டைதான் அங்கிள் சூட்டுக்குப் பொரியும். மெஷின் நாப்பது டிகிரியையும் தாங்கும். நாமதான் அத ஐஸ் பெட்டிக்குள்ள வச்சு வளர்க்கிறோம். குளிர் வேணும்னா பேட்டரிக்குத்தான். அதுக்குச் சின்னதா ஒரு பெட்டி செஞ்சா சரி. இங்க வார கரண்ட்ல பெரும்பங்க இந்த ரெண்டு ஏ.சி.யும்தான் குடிக்குது."

மாதாமாதம் ஏறுகிற டீசலை மனதில் கூட்டிப் பார்த்தேன். என்னைக் கணக்குப் பார்க்க வைத்தவர்கள் இந்தக் கொழும்பில் குறைவு.

அவள் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். கெபினுக்குள் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க, ஊதுபத்தியைக் கொளுத்தி மூலைக்கு மூலை பிடித்துக்கொண்டு நின்றாளாம். என் ஆட்கள் பூசை நடக்கிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பியிருக்கிறார்கள். "மிஸ், தேங்காய் உடைக்கிறதா?" என்று ஒருவன் கேட்டும்விட்டான். நான் அன்று மாளிகாவத்தையில் வேறு வேலையில் நின்றதால் பின்னேரம்தான் கேள்விப்பட்டேன். சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் நினைத்தேன்: இத்தனை வருடம் அந்த அறைக்குள் போய்வந்தேன், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒருநாளாவது பார்த்தேனா?

கொம்பனி மனேஜர் சிங்களவர். மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் அவளுக்கு ஒரு கோபுரம் கொடுத்தார், முப்பது நாள் கொடுத்தார். அதற்குள் சூட்டு அலாரம் ஒரு தடவை அடித்தாலும் ஏ.சி. திரும்பி வரும், திட்டம் அத்தோடு சரி. அவளுடைய வேலையும் அந்தத் திட்டத்துக்கென்று கொடுத்த தற்காலிக வேலைதான். அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. மாத்தயாதான் என்னிடம் சொன்னார்.

ஏ.சி. இரண்டையும் இறக்கி, முன்சுவரில் தாழ்வாக ஃபேனைப் பூட்டினோம். டீசலை இன்னும் குறைக்கக் கூரையில் சோலர் தகடு ஏறியது. முதல் வாரம் முழுக்க அலாரம் அடிக்கும் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. இரண்டாம் வாரம் காத்திருப்பதை விட்டுவிட்டேன். மூன்றாம் வாரம் அந்தக் கட்டடத்து மேல்மாடியில் குடியிருக்கிற டீச்சர் என்னை மறித்து, "அண்ணே, அந்த இரைச்சல எங்க கொண்டுபோனீங்க? இப்பதான் யன்னலத் திறந்து வச்சிருக்கிறன்" என்றார். ஜெனரேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். அது சும்மா குளிர்ந்து கிடந்தது. என் வாழ்நாளில் அந்த ஜெனரேட்டர் அப்படி ஓய்வெடுத்து நான் பார்த்ததில்லை.

இருபத்தாறாம் நாள் பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் தனியாக மாடிக்குப் போனேன். கெபினின் பின்சுவரில், உயரத்தில், பழைய ஏ.சி. கழற்றிய ஓட்டை வெறும் கம்பிவலையோடு திறந்து கிடந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்கள் என்று ஆட்களைத் திட்டினேன். மழைநீர் மெஷினில் விழுந்தால் அந்தப் பிள்ளையின் பாடு என்ன ஆகும்? பொலித்தீனை இரண்டாக மடித்து, நாலு பக்கமும் டேப் இழுத்து, காற்றுப் புகாதபடி அடைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் நல்ல வெயில். மத்தியானம் அலாரம் அடித்தது. நானும் என் மைத்துனனும் போய்ச் சேர்ந்தபோது மாத்தயா மாடியில் நின்று, ஏ.சி.யைத் திரும்பக் கொண்டுவரும்படி தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஃபேனுக்கு முன்னால் குந்தியிருந்தாள். ஃபேன் சுற்றியது, பில்டர் சுத்தமாக இருந்தது. அவள் முகத்தில் அழுகை இல்லை. கணக்குப் பிழைத்த இடத்தைத் தேடுகிற முகம் அது.

"காத்து உள்ள வருது அங்கிள்," என்றாள். "வெளிய போகல. ஏன்னு தெரியல."

வெளியே போகிற வழி எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுற்றிப் பின்பக்கம் போனேன். மைத்துனன் பின்னாலேயே வந்தான். என் டேப்பின் நுனியை நான் எப்போதும் மடித்துவிடுவேன், உரிக்கச் சுகமாக இருக்கட்டும் என்று. மடித்த நுனி அங்கே நின்றது. அவன் கண்டுகொண்டான்.

"அத்தான், வாயத் திறக்காதீங்க," என்று காதில் சொன்னான். "ஏ.சி. திரும்பி வந்தா நமக்குத்தானே வேலை. டீசலும் நம்மட லொறியிலதானே ஏறும்."

பிழையான கதை என்று சொல்ல முடியாது. ஆனால் நான் இருபத்தைந்து வருடம் படியேறியது ஒரு பொலித்தீன் துண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதற்கு அல்ல. ஒரே இழுவையில் பிய்த்தேன். அடுப்பு மூடியைத் திறந்ததுபோல் சூடு முகத்தில் அடித்தது. பொலித்தீனைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"மமய் கெருவே, மாத்தயா," என்றேன். நான்தான் செய்தது என்று.

மாத்தயா என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்தத் தொழிலில் இவ்வளவு காலம் இருந்தும் இதுகூடத் தெரியாதா என்று சிங்களத்தில் கேட்டார். மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். நான் குனியவில்லை. தெரியாது என்றேன், அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அவளிடம் பிழை இல்லை என்றும் சொன்னேன். இந்தக் கோபுரத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றார் அவர். நியாயம்தான்.

அவள் குறுக்கே வந்தாள். நல்ல சிங்களத்தில் சொன்னாள்: "சேர், வேற யார் வந்தாலும் இந்த ஓட்டையை ஒருநாள் அடைப்பாங்க. இனி அடைக்கவே மாட்டார்னு சொல்லக்கூடிய ஒரே ஆள் இவர்தான்."

மாத்தயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கெபினிலிருந்த வெப்பமானி அவர் கண்முன்னே இறங்கிக்கொண்டிருந்தது. ஏ.சி. வேண்டாம் என்று மறுபடி தொலைபேசி எடுத்துச் சொன்னார். ஆனால் முதல் நாளிலிருந்து திரும்ப எண்ண வேண்டும் என்றார். அவள் சரி என்றாள், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல்.

அந்த முப்பது நாளும் நானே ஏறினேன். முழங்கால் நோவோடு, ஒருநாள் தவறாமல். அலாரம் அடிக்கவில்லை. மாத்தயா கையெழுத்து வைத்தார், அவள் வேலையும் நிரந்தரமாயிற்று. வாழ்த்துச் சொல்ல ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு கொம்பனிக்குப் போனேன். அவள் அங்கே இல்லை. களனியில் ஆற்றோரக் கோபுரம் ஒன்றுக்குக் காலையிலேயே போய்விட்டாளாம். தொலைபேசியில் பிடித்தேன்.

"இங்க ஈரக்காத்து அங்கிள், கொட்டாஞ்சேனை மாதிரி இல்ல," என்றாள். "வந்து பாருங்களேன்."

லட்டுப் பெட்டியை லொறியின் முன்சீட்டில் வைத்துக்கொண்டு களனிக்கு விட்டேன்.